சாமிக்கு முதுகு காட்டியவள்

முறத்தில் கிடந்த வைக்கோல் பொம்மையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள் தேவிப்ரியா. முழ நீளம் இருக்கும். தலைக்கு ஒரு துணி முடிச்சு, இடுப்பில் தறியில் மிஞ்சிய பட்டு நூலால் நாலு சுற்று. சித்தப்பா பரமசிவம் விடிந்ததும் விடியாததுமாக உட்கார்ந்து வெகு பொறுப்பாகக் கட்டியிருந்தார். அம்மா லோகாம்பாளின் பாடையில் இதையும் வைத்து எரித்துவிட்டால், கையோடு தம்பி அருளின் காரியமும் முடிந்துபோகுமாம்.

"கீழ வைம்மா. சடங்கு சாமான அப்டியெல்லாம் தூக்கக் கூடாது" என்றார் சித்தப்பா.

"யாரு செத்தான்னு இத கட்டிக்கினு இருக்கீங்க?"

"தெரியாத மாதிரி கேக்கற பாரு. அருளுக்குத்தான்."

"அவன் செத்தத நீங்க பாத்தீங்களா சித்தப்பா?"

பந்தலில் டீ கொடுத்துக்கொண்டிருந்தவர் கூடத் தட்டோடு நின்றுவிட்டார்.

காணாமல் போனபோது அருளுக்கு ஐந்து வயது. வைகாசி கருட சேவை. வரதர் கோயில் கோபுர வாசலில் பெருமாள் வெளிப்பட்டதும் கூட்டம் நெட்டித் தள்ளியது. லோகாம்பாள் கும்பிடுவதற்காகப் பிள்ளையின் கையை விட்டாள். கும்பிட்ட கையை இறக்கியபோது பிள்ளை இல்லை. போலீசுக்குப் போனார்கள், மைக்கில் கத்தினார்கள், சித்தூரில் ஏதோ ஓட்டலில் பார்த்ததாக எவனோ சொன்னான் என்று அங்கேயும் ஓடினார்கள். கிடைக்கவில்லை.

அதன் பிறகு லோகாம்பாள் எந்த வருஷமும் கருட சேவைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் கும்பிட்டதும் இல்லை. அதே இடத்தில் போய் நிற்பாள். குடை அசைந்து வர, ஊரே கன்னத்தில் போட்டுக்கொள்ள, இவள் மட்டும் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தின் முகங்களைப் பார்ப்பாள். யாராவது திட்டினால், "சாமி அடுத்த வருசமும் வரும். எம் புள்ள இந்தக் கூட்டத்துல வந்தான்னா யாரு பாக்கறது?" என்று திருப்பிக் கேட்பாள். சின்ன வயதில் தேவிப்ரியாவுக்கு மானம் போகும். பிற்பாடு, அம்மாவால் நிற்க முடியாமல் போன வருஷங்களில், அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி அவளும் அதே பக்கம் பார்த்து நின்றாள்.

நடுவில் ஒரு வருஷம், அப்பா முருகேசன் மனசு வெறுத்து, ஓரிக்கையில் பாலாற்றங்கரையில் மகனுக்குக் காரியம் செய்ய ஏற்பாடு பண்ணினார். லோகாம்பாள் நேரே போய் பிண்டத்தைக் காலால் எத்திவிட்டு, திரும்புகிற வழியில் ஆட்டுக்கறி வாங்கிவந்து குழம்பு வைத்தாள். "சாவு வூட்டுலதான் கறி ஆக்கக் கூடாது. இங்க யாரும் சாவல" என்று அவர் தட்டில்தான் முதலில் ஊற்றினாள். அவர் சாப்பிட்டார். அதோடு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

நேற்று சாயங்காலம் அவள் மூச்சு அடங்கியது. இனி எத்துவதற்குக் காலில்லை என்கிற தைரியத்தில்தானே இந்தப் பொம்மை என்று நினைத்த தேவிப்ரியா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"நைனா, இது உனக்குத் தெரியுமா?"

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த முருகேசன் நிமிரவில்லை. "நான்தான் கட்டச் சொன்னேன்" என்றார். "எனக்கும் வயசாயிடுச்சு. நானும் பூட்டா அவனுக்கு யாரு செய்வா? எம் புள்ள அந்தரத்துல நிக்க வேணாம்மா."

அப்பாவை நினைத்து அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் விட மனமில்லை.

"உனக்கு இது முடியணும்னு இருக்குது நைனா, எனக்குப் புரியுது. அதுக்காவ அவன சாவடிக்கக் கூடாது. அம்மா காலம் பூரா ஒத்துக்காதத அவ நெஞ்சு பக்கத்துலயே வெப்பியா? நான் இருக்கற வரிக்கும் நடக்காது."

"ஒரு பொம்பள இவ்ளோ..." என்று சித்தப்பா ஆரம்பித்து முடிப்பதற்குள் அவள் பொம்மையின் நூலை அவிழ்த்து, துணியை உருவினாள். வைக்கோலைக் கொண்டுபோய்த் தெருவில் நின்ற மாட்டின் முன்னால் போட்டாள். மாட்டுக்கு என்ன வந்தது, அது பாட்டுக்குத் தின்றது.

"நேரமாவுதுபா. வாய்க்கரிசி போடறவங்க வாங்க" என்று குரல் கொடுத்தார் சடங்கு செய்ய வந்த வீரபாகு.

உறவுப் பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வந்து போட்டார்கள். கடைசியாகத் தேவிப்ரியா அம்மாவின் உதட்டருகே அரிசியைப் போட்டாள். போட்டவள் நகரவில்லை. மறுபடியும் தட்டில் கை வைத்தாள்.

"நீதான் போட்டுட்டியேம்மா?" என்றார் வீரபாகு.

"அது என்னுது. இது என் தம்பிது. அவன் ஊர்ல இல்ல, அதான் நான் போடறேன்."

செத்த பிள்ளை தாய்க்கு வாய்க்கரிசி போடுவதில்லை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். வீரபாகு என்ன செய்வதென்று தெரியாமல் முருகேசனைப் பார்த்தார். சித்தப்பாவும் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தார். தேவிப்ரியா யாரையும் பார்க்கவில்லை, கையையும் எடுக்கவில்லை.

முருகேசன் தரையில் கையூன்றி எழுந்தார். மெல்ல வந்து மகள் பக்கத்தில் நின்றார். அவள் கையிலிருந்த அரிசியைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் எடும்மா" என்றார். "அவனுக்கு நாப்பது வயசு தாண்டியிருக்கும். கை பெருசா இருக்கும்."