தலகாணி அண்ணன் தூங்கிப் பார்த்த போர்வை

தலகாணி அண்ணன் தூங்கிவிட்டார். அதில் ஒரு குறையும் இல்லை. படுத்த மாத்திரத்தில் தூங்குவதுதான் எட்டூர் ஒட்டுப்போர்வைச் சங்கம் அவருக்குக் கொடுத்திருக்கும் பதவி. குறை அவருடைய கால்களில் இருந்தது. போர்வை கணுக்காலோடு நின்றுவிட, இரண்டு பாதங்களும் வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றி நின்ற பெண்களை முறைத்துக்கொண்டிருந்தன. அந்தப் போர்வையைத் தைத்துக் கொண்டுவந்த பல்செட் அக்கா அவற்றைப் பார்க்க மாட்டாமல் போர்வையைப் பார்த்தாள்.

சங்கதி புரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் ஒட்டுப்போர்வை. அதையே போர்த்திக்கொள்ளாமல் சுவரில் மாட்டி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் கலை. இந்த இரண்டுக்கும் நடுவில் சங்கமே ஒருமுறை இரண்டாக உடையப் பார்த்தது. யாரோ ஒரு புண்ணியவதி தகரத் துண்டுகளைக் கம்பியில் கோத்துக் கொண்டுவந்து, இதுவும் போர்வைதான் என்று ஒற்றைக்காலில் நின்றாளாம். கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. கடைசியில் ஒரு விதி போட்டார்கள். என்ன கலையாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அதைப் போர்த்திக்கொண்டு ஒரு மனிதன் தூங்க வேண்டும். கழுத்து முதல் கால்வரை மூட வேண்டும். எழுந்ததும், குளிரவில்லை, குத்தவில்லை என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் போர்வைக்குச் சுவரில் இடம், தைத்தவளுக்குச் சங்கத்தில் இடம். லாரி ஓட்டிய காலமெல்லாம் கண்விழித்தே கழித்துவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு கிடைத்த இடத்தில் சாய்ந்துகொண்டிருந்த அண்ணனைத் தேடிப்பிடித்து நியமித்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

பல்செட் அக்காவுக்குச் சுவர்கூட இரண்டாம்பட்சம். அவளுக்குச் சங்கம் வேண்டும். பல்செட் செய்யும் பட்டறையில், பின்னறையில், தனியாக அவளுக்கு வேலை. வாயின் அச்சு மட்டும் உள்ளே வரும், ஆள் வராது. நாள் முழுக்க வாய்களோடுதான் பாடு. பேசத்தான் ஒரு வாய் கிடையாது. வீட்டுக்காரர் தங்கமான மனிதர், ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தை பேசினால் மூன்றாவதற்கு மூச்சு வாங்கும். இந்த ஊருக்குக் குடிவந்த பிறகு “சாப்பிட்டாச்சா?” என்று அவளைக் கேட்க ஒரு நாதி இல்லை. பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் சங்கத்தின் கூடம். சனிக்கிழமை ஆனால் அங்கிருந்து சிரிப்பு வரும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது கேட்காது, சிரிப்பு மட்டும் கேட்கும். கேட்டுக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்திருக்கிறது. சொல்ல என்ன வெட்கம்?

அந்தச் சிரிப்பைத்தான் அவள் தைத்தாள். ஆளுயரத்துக்கு ஒரு திறந்த வாய். உதட்டுக்குப் பழைய சிவப்புத் திரைச்சீலை. பற்களுக்குச் சட்டை, தலையணை உறை, மேசைவிரிப்பு என்று ஆளுக்கொரு வெள்ளை. யார் வாயில் எல்லாப் பல்லும் ஒரே வெள்ளையாக இருக்கிறது? அளவெடுக்கும்போதுதான் தொழில்புத்தி காலை வாரிவிட்டது. மேல்வரிசை கீழ்வரிசையோடு பொருந்துகிறதா என்று நூலிழை பிசகாமல் பார்த்தவள், ஆள் உயரத்தை மட்டும் தன்னை வைத்தே கணக்குப் போட்டுவிட்டாள். அண்ணனோ நெட்டையர். இப்போது பார்த்தால், அந்தப் பெரிய வாய் அவரைத் தலைமுதல் விழுங்கிவிட்டு, பாதத்தை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த மாதிரி இருந்தது.

“கால் வெளியே இருக்கு. அவ்வளவுதான், எடுத்துக்கோம்மா,” என்று கிசுகிசுத்தார் செயலாளரம்மா. சலவைக்கடை நடத்தும் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தூங்குகிறவர் இருக்கும்போது கூடத்தில் எல்லாரும் கிசுகிசுக்கத்தான் வேண்டும்.

“அதெப்படி? அண்ணன் எழுந்து சொன்னாத்தானே கணக்கு?” என்றாள் பக்கத்திலிருந்த பொத்தான்கடைக்காரி. “அவரு இன்னும் எழுந்திரிக்கலையே. அதுக்குள்ள கீழ ஒரு துண்டு வச்சுத் தைச்சுட்டா?”

“ஆளு போத்தியிருக்கிறப்பவா?”

“தைக்கக் கூடாதுன்னு விதி இருக்கா?”

செயலாளரம்மா யோசித்தார். அப்படி ஒரு விதி இல்லை. இப்படியொரு அசட்டு வேலையை யாராவது செய்வார்கள் என்று விதி போட்டவர்களுக்குத் தோன்றாததுதான் காரணம்.

அடுத்த நிமிடம் ஆளாளுக்குப் பையைத் திறந்தார்கள். ஒருத்தி பூப்போட்ட துணி எடுத்தாள். ஒருத்தி கட்டம். ஒருத்தி தவளைப் படம் போட்ட துணியை எடுத்து ஆசையோடு நீவினாள். பல்செட் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரவும் பகலும் பாடுபட்ட சிரிப்புக்குக் கீழே தவளையா?

“என் வாய்க்கு யாரும் தாடி வைக்க வேணாம்,” என்றாள்.

“அப்போ சுருட்டிட்டுக் கிளம்பு தாயி,” என்றாள் தவளைக்காரி, கோபமே இல்லாமல்.

கிளம்பலாம்தான். சுருட்டிக்கொண்டு போய் வீட்டில் மாட்டினால் அது முழுசாக அவளுடைய வேலை, அப்பழுக்கில்லாத கலை. பார்க்க வீட்டுக்காரர் ஒருவர். அக்கா பெருமூச்சு விட்டாள்.

“தவளையை ஓரமா வைங்க,” என்றாள்.

கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள். ஊசி நகர, வாயும் நகர்ந்தது. யார் மருமகள் யாரை என்ன சொன்னாள், யார் வீட்டுக் கொல்லைப்புறச் சுவர் யார் மேல் சாய்ந்தது, எல்லாம் கிசுகிசுப்பாக. “நீ சாப்பிட்டியா?” என்று பொத்தான்கடைக்காரி போகிறபோக்கில் கேட்டாள். அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். சாப்பிட்டதைச் சொன்னாள், நேற்றுச் சாப்பிட்டதையும் சேர்த்துச் சொன்னாள்.

அப்போதுதான் அது நடந்தது. செயலாளரம்மா தன் பங்குக்குத் தைத்து முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லில் வைத்தார். அந்தப் பல்லை அக்கா பார்த்தாள். மேல்வரிசை, இடது ஓரம் சற்றே திரும்பிய முன்பல். நிஜம் போல் இருக்கட்டும் என்று அவளே வேண்டுமென்றே திருப்பி வைத்தது.

“ஐயோ, கடிக்காதீங்க! செட்டுப் பல்லு, தெறிச்சிடும்!”

கூடமே அதிரும்படி கத்தியிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். செயலாளரம்மா முகத்தில் ஈயாடவில்லை. பல்செட் வைத்திருக்கும் விஷயம் இத்தனை வருஷமாக அவர் புருஷனுக்குக்கூடத் தெரியாது. எட்டு ஊர்ப் பெண்களும் ஊசியைத் தூக்கிய கை தூக்கியபடி அவர் வாயையே பார்த்தார்கள். போச்சு, எல்லாம் போச்சு, இனி இந்தத் தெருவில்கூட நடக்க முடியாது என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“உனக்கு எப்படிடி தெரியும்?” என்று கேட்டார் செயலாளரம்மா.

“நான் செஞ்சதுங்க அது.”

பிறகு தவளைக்காரி மெல்ல அருகில் நகர்ந்து வந்து, வாயை அகலத் திறந்து காட்டினாள். “இதைப் பாரு. இது?”

“அதுவும் நான்தான்.”

“அடிப்பாவி, நீதானா? வலது பக்கம் உயிரை எடுக்குதும்மா!”

“எனக்குக் கீழ்வரிசை ஆடுது,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “எனக்குச் சீழ்க்கை அடிக்குது,” என்றது இன்னொன்று. சங்கத்தில் பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு அவளைச் சூழ்ந்துவிட்டார்கள். பொத்தான்கடைக்காரிக்கு எல்லாம் சொந்தப் பல். காட்ட ஒன்றும் இல்லாத வருத்தத்தில் அவளும் சும்மா திறந்து வைத்திருந்தாள்.

இந்த அமளியில் தலகாணி அண்ணன் விழித்துக்கொண்டார். “அவசரமா போகணும்,” என்று எழுந்து நின்றார். போர்வையும் எழுந்து நின்றது. ஆர்வக்கோளாறில் அவருடைய காற்சட்டையையும் சேர்த்துத் தைத்துத் தொலைத்திருந்தார்கள்.

“அண்ணே, கால் குளிர்ந்துச்சா?” என்று கேட்டாள் பொத்தான்கடைக்காரி. விதி விதிதானே.

“குளிரா? காலு வெளியவே வரமாட்டேங்குதும்மா!” என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பெரிய சிரிப்பை இடுப்பில் பிடித்துக்கொண்டு, தவளைத் துணி தரையில் புரள, தத்தித் தத்திக் கழிப்பறையை நோக்கி ஓடினார்.

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அடங்கி, செயலாளரம்மாவைப் பார்த்தார்கள். சேர்ப்பதும் துரத்துவதும் அவர் வாயில்தான் இருக்கிறது. அவர் நேராக அக்காவிடம் வந்தார். அக்கா வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

“கீழ்வரிசை கழண்டு விழுந்திடுமோன்னு பயந்துக்கிட்டே நான் ஒரு நாளும் சிரிச்சதில்லை, தெரியுமா உனக்கு?” என்றார். “சரிபண்ணிக் கொண்டா. சனிக்கிழமை. யார்கிட்டயும் குடுத்தனுப்பக் கூடாது, நீயே வரணும்.”

சொல்லிவிட்டு, எட்டு ஊர் பார்க்க, இரண்டு வரிசையையும் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அக்காவுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கலாம் என்றால் கை ஒழியவில்லை. அவளைச் சங்கத்தில் சேர்த்தாயிற்று என்று முறைப்படி யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க வேண்டியவருக்குப் பல் இல்லை.