புத்தகத்தைவிட்டு இறங்கிய எழுத்துகள்

விளாங்குடி சேக் இஸ்மாயிலின் மகள் ரூபினா இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தபோது, ஏழாம் பக்கத்து எழுத்துகள் எழுந்து, மேசைக்காலைப் பிடித்து இறங்கி, வாசல் வழியே வெளியேறின. வெள்ளைத் தாள் மட்டும் மிஞ்சியது. வகுப்பிலிருந்த இருபத்தாறு பிள்ளைகளும் வீட்டில் போய்ச் சொன்னார்கள், யாரும் மறுக்கவில்லை.

ஆறரை மாதத்தில், எண்ணூற்று நாற்பது கிராம் எடையில் பிறந்தவள் ரூபினா. எழுபத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். பிழைத்ததே பெரிது என்றிருந்ததால், படியிறங்கும்போது கால் எங்கே வைப்பதென்று அவள் தடுமாறியதையும், சட்டைப் பொத்தானுக்குத் துளையைத் தேடித் தேடி அலுத்ததையும் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஒருமுறை கேட்ட கதையைச் சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். அதனாலேயே, படிக்க மட்டும் சோம்பேறி என்று பள்ளியில் முடிவுகட்டினார்கள். அரையாண்டுத் தேர்வுக்குள் பக்கத்துப் பிள்ளைகளின் புத்தகங்களும் காலியாகத் தொடங்கின. வேறு பள்ளி பாருங்கள் என்றார் தலைமையாசிரியர்.

கண் மருத்துவர் இரண்டு மணி நேரம் சோதித்தார். நடுவில் தம் மேசையிலிருந்த மருந்துச் சீட்டும் வெறுமையானதைக் குறித்துக்கொண்டார். "பார்வை நல்லாத்தான் இருக்கும்மா. பார்க்கிறத மூளை வரிசைப்படுத்துறதுலதான் சிக்கல். ரொம்பச் சின்னதாப் பொறந்த பிள்ளைகள்ல சில பேருக்கு இப்படி இருக்கும். சோம்பேறித்தனம் இல்ல." தாய் ஷரீபா அங்கேயே அழுதாள். முந்தைய வாரம்தான் மகளை அடித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் முதன்முறையாக மகளிடமே கேட்டாள். "புத்தகத்துல எழுத்தெல்லாம் உனக்கு எப்படித் தெரியுது?"

"எல்லாம் ஒண்ணா வருதும்மா. இம்புட்டு நெருக்குனா அதுகளுக்கும் மூச்சு முட்டும்ல?"

ஷரீபா ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சொல் அளவுக்குச் சன்னல் வெட்டிப் பக்கத்தின்மேல் வைத்தாள். சன்னலுக்குள் 'மழை' நின்றது. கொஞ்சம் அசைந்தது, போகவில்லை. அதைப் படிக்க ரூபினாவுக்கு ஆறு நிமிடம் ஆனது. அடுத்த சொல்லுக்கு நான்கு.

வகுப்பாசிரியை தமிழ்ச்செல்வி தலைமையாசிரியரிடம் வாதாடி அவளை அதே பள்ளியில் வைத்துக்கொண்டார். பாடங்களைப் பெரிய எழுத்தில், இடம் விட்டு எழுதிக்கொடுத்தார். வெளியேறிய எழுத்துகளை, அவை போய் ஒதுங்கும் தண்ணீர்த்தொட்டியடியிலிருந்து டிபன் டப்பாவில் அள்ளி வந்து, மதியத்துக்குள் உரிய புத்தகங்களில் சேர்த்தார். மாற்றிச் சேர்த்த பக்கங்கள் ஒன்றிரண்டு இன்னமும் உண்டு.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ரூபினாவுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. கண்காணிக்க வந்தவர் சோழவந்தான்காரர், அவளை முன்பின் அறியாதவர். வினாத்தாளிலிருந்து இறங்கி வந்த ஒரு 'ஞ' மிதிபடாமலிருக்கக் காலைத் தூக்கி வழிவிட்டார். "அவசரமில்ல, மெதுவா எழுது தாயி" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.