ஒரு விரல் அகலத் துணி

"என்னடி, உன் மாப்பிள்ளைக்கு இன்னும் சட்டை மாட்டலையா?"

கேட்டது பக்கத்து மேசை அக்கா. பழைய கருப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து கொடுப்பது அவள் வேலை. கணினியில் வண்ணம் ஏற்றுவது சின்னவள். அலுவலகத்தில் எல்லாருக்கும் இளையவள் என்பதால் அந்தப் பெயர். எப்போதோ மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் படங்கள் அவை. யார் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. வண்ணம் ஏற்றிக் கண்காட்சியில் மாட்டினால், யாராவது வந்து 'இது எங்க ஆளு' என்று சொல்லமாட்டார்களா என்பது அலுவலகத்தின் நம்பிக்கை.

சொல்லிவிடுவார்களே என்பது சின்னவளின் பயம்.

மற்ற எல்லாரையும் முடித்துவிட்டு, பதினேழாம் எண் படத்து ஆளை மட்டும் மூன்று வாரமாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். நாற்காலி முதுகில் கை வைத்து, சிரிப்பை அடக்கத் தெரியாமல் நிற்கிறான். அவளைப் பார்த்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

"நாளைக்கு அச்சுக்குப் போகணும். விட மனசில்லைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. சோத்துச் செலவுகூடக் கிடையாது."

"சும்மா இருங்கக்கா." காது சூடாகியது.

முகம், சட்டை, நாற்காலி. அவனுக்குப் பின்னால் தொங்கும் ஸ்டுடியோத் திரைக்கு வந்தபோது கை நின்றது. படத்தின் கத்தரித்த விளிம்பை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்குக் கருப்பு. திரையின் நிழல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஆனால் அதே திரை இன்னும் பதினொரு படங்களில் இருந்தது. எதிலும் இவ்வளவு கருப்பில்லை. பெரிதாக்கினாள். தோளிலிருந்து வழியும் துணி மடிப்பு. ஓரத்தில் பொடிப்பொடியாகப் பூவேலை.

பக்கத்தில் ஒருத்தி நின்றிருக்கிறாள். யாரோ வெட்டி எடுத்துவிட்டார்கள்.

திரையின் சாம்பல் நிறத்தையே அதன்மேல் ஓட்டிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. அவன் தனியாளாகவே இருப்பான். சுட்டியை அங்கேயே நிறுத்திக் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தட்டுக்குச் சிவப்பு தெரியாது. கல்யாணப் புடவையின் சிவப்பும் அதற்குக் கருப்புத்தான்.

"அக்கா, இது கருப்பா, சிவப்பா?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "அடப்பாவி! ஜோடியாத்தான் வந்திருக்கானா!" என்றவள், இவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "உனக்கு எப்படித் தோணுதோ போடும்மா."

சின்னவள் மறுபடி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். பிறகு சிவப்பை எடுத்தாள்.

ஒரு விரல் அகலம். ஐந்து நிமிட வேலை. ஒரு மணி நேரம் செய்தாள்.