வெளிய போங்க அத்தை

இளைய மருமகள் தோளில் தன் கைக்குழந்தையோடு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் மூத்த மருமகளின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் மாமியார், "நல்லாத்தான் இருந்தா. திடீர்னு நெஞ்சுவலின்னா," என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவள் அவள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊர் வாய்க்குப் பயந்து பழியை நெஞ்சின்மேல் போட்டாயிற்று.

மனநல ஆலோசகர் அம்மாள் வந்தார். பிள்ளை பெற்றபின் மூத்தவள் யாரோடும் பேசாமல் போனபோது அவரிடம்தான் காட்டினார்கள். மாமியாரும் இளையவளும் கூடவே போய் உட்கார்ந்திருந்தார்கள்.

"செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாம்மா?" என்று அன்று அவர் மூத்தவளிடம் கேட்டார்.

மூத்தவள் வாய் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுப் பொண்ணு அப்படியெல்லாம் நினைக்க மாட்டா மேடம்."

மூத்தவள் மாமியாரைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். அம்மாளும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா அது?

இப்போது அவர் முகம் வெளிறி இளையவளிடம் வந்தார். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?"

"அவளுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கா," என்றாள் மாமியார்.

இளையவள் குழந்தையை மாமியார் கையில் திணித்தாள். "மேடம், உள்ள வாங்க."

அறைக்குள் மாமியாரும் பின்னாலேயே நுழைந்தாள்.

"நீங்க வெளிய போங்க அத்தை."

"என்னடி இது, சாவு வீட்ல வந்து..."

"சாவு வீடுதான். ஆனா நெஞ்சுவலி இல்ல. அக்கா எப்படிப் போனான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்தது நான் அங்க படுக்கணுமா?"

கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. நிற்கட்டும், எல்லோரும் கேட்கட்டும் என்றிருந்தது இளையவளுக்கு. மாமியார் இரண்டடி பின்வாங்கினாள். இளையவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அக்காகிட்ட கேட்டதை என்கிட்ட கேளுங்க."

அம்மாள் கேட்டார்.

"தோணுது மேடம். பிள்ளை பொறந்ததுலேர்ந்து தோணுது."

வெளியே குழந்தை வீறிட்டது. யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். இளையவள் கட்டிலில் நகர்ந்து உட்கார்ந்து, தன் பக்கத்தில் அம்மாளுக்கு இடம் விட்டாள்.