நான்காம் துளையில் இரண்டு மீட்டர்

என் மகன் டெரிக் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஆஸ்டின் டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தால் ஏதோ காரியம் இருக்கிறது என்று பொருள். அன்றும் இருந்தது. மேற்கே மலையில் ஒரு நீர்த்தேக்கம் கட்டப்போகிறார்கள். மூழ்கப்போகும் நிலத்தின் அடியில் எடுக்கத்தக்க கனிமம் உண்டா என்று பார்க்கும் வேலை அவன் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. 'இல்லை' என்று அறிக்கை தயார். முப்பத்தாறு வருடம் புவியியலாளனாக இருந்த என் கையெழுத்துதான் பாக்கி.

"கடைசிப் பக்கம் மட்டும் போதும், டாடி. நாளைக்குக் கொடுக்கணும்."

"நான் முதல் பக்கத்துலேர்ந்து படிக்கிறவன்."

கம்பெனியின் பெயர் 'தியோடர் அண்ட் சன்ஸ்'. தியோடர் என் அப்பா. தங்கச் சுரங்கத்தில் அளவையாளர். அவர் எழுதிய ஓர் எண்ணை யாரும் அடித்துத் திருத்தியதில்லை. அந்தப் பெயரை இவன் கேட்டபோது நான் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய மடத்தனம் அது.

அறிக்கையில் பெட்டிகளின் படங்கள் இருந்தன. துளையிட்டு எடுத்த கல் உருளைகள், ஓர் இடுக்குகூட இல்லாமல் நிறைந்து கிடந்தன. மிட்டாய்க் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

"பெட்டியைப் பாக்கணும்" என்றேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் அவன் கம்பெனிக்கு டாக்சியில் போய்ச் சேரும்வரை அவன் போனையே பார்த்துக்கொண்டு வந்தான். கம்பெனி கதவில் அப்பாவின் பெயர் பித்தளையில் பளபளத்தது. உள்ளே குளிர்சாதனம், காபி இயந்திரம், பந்து விளையாட ஒரு மேசை. கற்களை மட்டும் கக்கூஸுக்குப் பக்கத்து அறையில் அடுக்கியிருந்தார்கள்.

மலையில் நின்று துளை வேலையைப் பார்த்த பெண் லாவண்யா ஞாயிறும் வேலைக்கு வந்திருந்தாள்; நான்காம் துளையின் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொரு முறை குழாயை மேலே எடுக்கும்போதும் ஆழத்தை எழுதி ஒரு மரக்கட்டை வைப்பார்கள். ஒரு கட்டையில் 42, அடுத்ததில் 45. நடுவே மூன்று மீட்டர்க் கல் இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்தேன். ஒரு மீட்டர்தான் இருந்தது.

"மிச்சம் எங்கே?"

"அது வரல, அங்கிள். உடைஞ்சு போயிடுச்சு."

"வராத இடத்தைக் காலியா விடணும்னு யாரும் சொல்லலியா?"

"கேப் இருந்தா போட்டோல நல்லா இல்ல. கிளையன்ட் கேப்பாங்க. அதான் இருக்கறதை நெருக்கி வச்சோம்."

பட்டம் வாங்கியவள் பேசுகிற பேச்சு! துளை போட்ட கோவிந்தப்பாவுக்குப் போன் போடச் சொன்னேன். அவருக்கு அந்த இடம் நன்றாகவே நினைவிருந்தது.

"கருப்புத் தண்ணி வந்துச்சு சார். மை மாதிரி. விரல்ல தேச்சா வழுக்குச்சு. மேடம்கிட்ட காட்டினேன். சேறு, கழுவி விடுங்கன்னாங்க."

கருப்பாக, வழுக்கிக்கொண்டு வந்தது கிராஃபைட்டாக, பென்சில் செய்கிற கனிமமாக, இருக்கலாம். இல்லாமலும் போகலாம். பார்க்க வேண்டியதைக் கழுவி ஓடையில் விட்டுவிட்டு, 'கனிமம் இல்லை' என்று வழவழப்பான தாளில் அச்சடித்திருக்கிறார்கள்.

"ரெண்டே மீட்டர், டாடி," என்றான் டெரிக். "மறுபடி மலைக்கு மெஷின் ஏத்த ரெண்டு மாசம் ஆகும். என் பேர் கெட்டுப்போயிடும்."

"உன் பேரா? உனக்கு ஏதுடா பேரு? கதவுல இருக்கறது எங்க அப்பா பேரு."

கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: 'நான்காம் துளையில் இரண்டு மீட்டர்க் கல் கிடைக்கவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. மறுபடி துளையிட வேண்டும்.' அதன் கீழே ஓஸ்வால்ட் தியோடர் என்று கையெழுத்திட்டேன்.

அவன் முகம் சிவந்தது. "நான் வேற ஆள்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிறேன்."

"தாராளமா. ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

லாவண்யா எதற்கென்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். பித்தளைப் பலகையின் நான்கு திருகுகளையும் கழற்றினேன். பலகையைச் செய்தித்தாளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

புதன்கிழமை போன் வந்தது.

"டாடி, கதவுல நாலு ஓட்டை தெரியுது. வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. போர்டைக் கொடுத்து அனுப்புங்க."

கல் இல்லாத இடத்தை மறைத்தவனுக்கு நான்கு ஓட்டைகள் பொறுக்கவில்லை.

"கோவிந்தப்பா மெஷினை ஏத்திட்டாரா?"

"அது இருக்கட்டும் டாடி, போர்டு..." என்று இழுத்தான்.

"ஏத்தினப்புறம் பேசு" என்று போனை வைத்தேன்.