சீட்டில் எழுதிய பேர்

2006 மாசியில் எனக்குத் தூக்கம் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து ஈரப் பொம்மையை எடுக்கையில் கை உதறும். பொம்மையின் மூக்கு போய்விடும்.

"என்ன கொளஞ்சி, நேத்து கொஞ்சம் ஓவரா?" என்பார் மேஸ்திரி ஜெயராஜ்.

நான் குடிப்பதில்லை. இருந்தாலும் சிரித்துவைப்பேன். குடி என்றால் ஒரு கிண்டலோடு போய்விடும். மனசு சரியில்லை என்றால் விடுவார்களா?

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் தெரிந்த முகங்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் பெரியநாயகி என்று ஒரு நர்ஸ் இருக்கிறார், மனசு சம்பந்தமாகப் பயிற்சி எடுத்தவர், மாதம் ஒருமுறை வரும் மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதித் தருவார் என்று யாருக்கோ கேட்பதுபோல் விசாரித்து வைத்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டேன்.

போனது புதன்கிழமை. தடுப்பூசி நாள் என்பது தெரியாமல் போய்விட்டேன். கைக்குழந்தைகளோடு பத்துப் பதினைந்து பெண்கள். ஆம்பளை நான் ஒருத்தன்தான்.

"யாருக்குங்க?" என்றார் நர்ஸ்.

"வூட்டுக்காரிக்குங்க. பேரு துர்காதேவி" என்று வந்துவிட்டது வாயில்.

தாளைப் படித்தவரின் விரல் நான்காவது வரியில் நின்றது. தண்டவாளத்தைத் தாண்டும்போது அங்கேயே நின்றுவிடலாம் போலிருக்கிறது என்று எழுதியிருந்தேன்.

"இதை அவங்களே சொன்னாங்களா?"

"ஆமாங்க."

"நாளைக்கு நானே வூட்டுக்கு வரேன். அதுவரைக்கும் அவங்களைத் தனியா விடாதீங்க."

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை துர்கா அரிசி களைந்துகொண்டிருந்தபோது நர்ஸ் வந்துவிட்டார். "என்ன சிஸ்டர், விசேஷமா?" என்று பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி பின்னாலேயே வந்தாள். நர்ஸ் அவளை அனுப்பிவிட்டார். ஆனால் அவள் வாசலைத் தாண்டிப் போகவில்லை.

"தூக்கம் வரலையாம்மா?"

துர்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் புரளுவது அவளுக்குத் தெரியாதா என்ன.

"ஆமாங்க சிஸ்டர்."

"தண்டவாளத்தைப் பாத்தா அங்கயே நிக்கத் தோணுதா?"

அது அவளுக்குத் தெரியாது. ஈரக் கையோடு அப்படியே நின்றாள். "ஆமாங்க" என்றவள் அழுதுவிட்டாள். நர்ஸ் அவள் தோளைத் தொட்டார். எதற்கு அழுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அச்சுல பொம்மை எடுக்கயில கை நடுங்குதுன்னு எழுதியிருக்கு. நீங்களும் கம்பெனிக்குப் போறீங்களா?"

கம்பெனி வாசலைக்கூட மிதிக்காதவள் அவள். "வூட்லயே செய்றேங்க" என்றாள். வீட்டில் ஒரு பொட்டு மண் கிடையாது. நர்ஸ் என் கைகளைப் பார்த்தார். பிறகு அவள் பேருக்கே சீட்டு எழுதினார். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அங்க டாக்டர் வராரு. ரெண்டு பேரும் வாங்க."

அன்று சாயங்காலமே குழாயடியில் ஆதிலட்சுமி, "ஏன் துர்கா, கொடத்தை நான் தூக்கியாரட்டா? நீ ஏதோ நெனப்புல போட்டுடப் போற" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். துர்காவும் சிரித்தாள். நான் சைக்கிளோடு சந்திலேயே நின்றுவிட்டேன்.

"நர்ஸ்கிட்ட ஏன் ஆமான்னு சொன்னே?" என்று வீட்டில் கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லலை. தண்டவாளம் மட்டும் நெசமான்னு சொல்லுங்க."

தலையை ஆட்டினேன். மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகையில் ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை கூடவே நடந்துவந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை, மாமியாரின் பிரஷர் மாத்திரைக்காக ஆதிலட்சுமியும் சுகாதார நிலைய வரிசையில் இருந்தாள். "துர்காதேவி" என்று நர்ஸ் கூப்பிட்டார். துர்கா எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அது எனக்குங்க. தாள்ல இருக்கறது எல்லாம் எனக்குத்தான். பேரை மாத்தி எழுதுங்க."

ஆதிலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

நர்ஸ் பேனாவை எடுத்தார். "பேரு?"

"கொளஞ்சிநாதன்."

"'கொ'வா, 'கோ'வா?"

"'கொ'ங்க. குறில்."

எழுதி, சீட்டை என்னிடம் நீட்டினார். என் பேருக்கு மேலே, அடித்த கோட்டுக்குள் துர்காதேவி என்பது இன்னும் படிக்கிற மாதிரியே இருந்தது.