நூற்று முப்பத்தெட்டு

முப்பத்தொரு வருஷம் மில் கேட்டில் வாட்ச்மேனாக இருந்தேன். வெளியே போகிற ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்க்கிற வேலை. ஒரு நூல்கண்டு குறைந்தாலும் சூப்பர்வைசர் என்மேல்தான் ஏறுவான். அந்தக் கடுப்போடுதான் வரிச்சிக்குடிக்கு சைக்கிள் மிதிப்பேன். வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். எங்கே போனாய், யாரோடு பேசினாய், ஏன் இவ்வளவு நேரம். என் பெண்சாதி ஆரோக்கியசெல்வி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள்.

அவள் நர்சரிப் பள்ளிக்கூடத்தில் ஆயா. போன வருஷம் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. ஆஸ்பத்திரியில் பிரஷர் நூற்று ஐம்பது என்றார்கள். வேலையில் டென்ஷன் உண்டா என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். அவள் வாயைத் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன், நாற்பது பிள்ளைகள் கத்துகிற இடம், வேறென்ன இருக்கும் என்று. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய், இனி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் மூன்று நாள் பேசவில்லை. சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கணக்கை நான் நம்புகிற ஆள் இல்லை. காரைக்காலில் ஒரு பிரஷர் மிஷின் வாங்கினேன். தினமும் காலையில் அவள் கையில் பட்டையைச் சுற்றி, பக்கத்திலேயே நின்று பார்த்து, நோட்டில் எழுதுவேன். நூற்று அறுபது, நூற்று அறுபத்தைந்து. உப்பை அள்ளிப் போட்டாயா, மாத்திரையைத் துப்பினாயா என்று கேட்பேன். இல்லைங்க என்பாள். அடுத்த நாள் இன்னும் ஏறும்.

நோட்டைப் பார்த்த டாக்டர், இன்னொரு மாத்திரை சேர்க்கலாம், எதற்கும் இங்கேயும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்றார். முத்தமிழ் என்ற நர்ஸ் பார்த்தாள். நூற்று அறுபத்தாறு. பார்த்தாயா என்றேன் செல்வியிடம். அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"தாத்தா, கொஞ்சம் வெளிய இருங்க."

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் ஆனது. உள்ளே செல்வி பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனைப் பற்றி ஏதோ சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்கே அடையாளம் தெரியவில்லை. வேறு யாரோ என்று நினைத்தேன்.

நூற்று முப்பத்தெட்டு என்றாள் முத்தமிழ். உங்கள் மிஷின் பழுது என்று சண்டை போட்டேன். என் மிஷினைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மறுபடி வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தாள். அதிலும் நூற்று முப்பத்தெட்டு. இருக்கிற பிரஷருக்கு மேல் மாத்திரை கொடுத்திருந்தால் இந்தம்மா எங்கேயாவது மயங்கி விழுந்திருக்கும் என்றாள். நான் செல்வியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க பக்கத்துல நின்னா நெஞ்சு அடிச்சிக்கிதுங்க. நீங்க மில்லுக்குப் போன காலத்துலேருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல இருக்கறப்பதான் ஒண்ணும் தெரியாது."

ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து ஏழு மாதம் ஆகிறதாம். நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்றார் அங்கிருந்தவர். உண்மைதான். அதை நான் அவளைக் கேட்டுச் சொல்லவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை அவள் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மிஷினைப் பரணில் போட்டுவிட்டேன். போன வாரம் போனவள் திரும்ப ரொம்ப நேரமாகிவிட்டது. நான் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தேன். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே நின்றாள்.

"பஸ்ஸு லேட்டுங்க. பக்கத்துத் தெரு ரீட்டாவைப் பார்த்தேன், அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசினேன். வேற எங்கயும் போகலைங்க."

நான் எதுவும் கேட்கவில்லை. அவள் மட்டும் பையைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றாள்.